தடிப்பும் அதன் அர்த்தமும்

ஸ்ரீரங்கத்தில் என் வயதுக்காரர்களின் இடது புஜத்தில் பெரும்பாலும் ஒரு தழும்பு இருக்கும். பி.ஸி.ஜி. ஊசியின் தடம். அதற்கு நாம் ஏற்றிவைத்த அர்த்தம் எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி.

உடலின் தற்காப்பை அறிய வெகுகாலம் ஸீரம் என்ற ரத்தத் தெளிநீரைத்தான் சோதித்தார்கள். காசநோயில் அது பெரிதாக உதவவில்லை. 1908-ல் மாந்து என்ற பிரெஞ்சு வைத்தியர், காசக்கிருமியிலிருந்து எடுத்த ட்யூபர்குலினைத் தோலுக்குள் செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார். இரண்டு மூன்று நாள் கழித்து ஸ்கேலால் அளப்பார்கள். சிவப்பு கணக்கில் இல்லை. விரலுக்குத் தட்டுப்படும் தடிப்பு மட்டுமே மில்லிமீட்டரில் பதிவாகும். ஏன் தடிக்கிறது? 1942-ல் லாண்ட்ஸ்டைனரும் மெரில் சேஸும் ஒரு ரசாயனத்துக்கு ஒவ்வாமை கண்ட கினிப்பன்றியின் ஸீரத்தை இன்னொன்றுக்கு மாற்றிப் பார்த்தார்கள். பலனில்லை. வெள்ளணுக்களை மாற்றியபோது ஒவ்வாமையும் கூடவே போயிற்று. 1945-ல் ட்யூபர்குலினுக்கும் அப்படியே என்று சேஸ் காட்டினார். தடிப்பு அணுக்களின் நினைவு என்றாயிற்று.

இதிலிருந்து, நினைவு இருந்தால் காப்பும் இருக்கும் என்று ஒரு தாவல். வாசகன் அழுதால் கதை நல்ல கதை என்று தீர்மானிக்கும் நம் ரசனை மரபும் இதே தாவலைத்தான் செய்கிறது. 1955-ல் ராஜாஜி பி.ஸி.ஜி.யை எதிர்த்து எழுதியபோது இரு தரப்பிலும் சூடு நிறைய இருந்தது. முடிவான கணக்குதான் இல்லை.

கணக்கு செங்கல்பட்டு மாவட்டத்தில் எடுக்கப்பட்டது. 1968 முதல் 1971 வரை, திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களில் சுமார் 2,60,000 பேர். சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் திரவம். யாருக்கு எது என்பது ஊசி போட்டவருக்கும் தெரியாது. மருந்து பெற்றவர்களின் தோல் இரண்டரை மாதத்தில் நன்றாகவே தடித்தது. இரண்டரை வருஷத்தில் அந்தத் தடிப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. 1979-ல் ஏழரை வருஷக் கணக்கு அச்சானது: நுரையீரல் காசத்திலிருந்து காப்பு இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து செலவழித்துக் கிடைத்த 'இல்லை' இது. அதை மழுப்பாமல் வெளியிட்டதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

காரணம் தேடியவர்கள் மண்ணையும் தண்ணீரையும் பார்த்தார்கள். அங்கு வாழும் காசக்கிருமியின் பங்காளிகளுக்கு இந்த ஜனங்களின் அணுக்கள் ஊசிக்கு முன்பே பழகியிருந்தன. 2002-ல் மலாவியையும் இங்கிலாந்தையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு தோலை விட்டு ரத்தத்துக்கு வந்தது. ரத்தத்தை ட்யூபர்குலினோடு ஆறு நாள் வைத்து, அணுக்கள் சுரக்கும் இண்டர்ஃபெரான்-காமாவை அளந்தார்கள். ஊசிக்குப்பின் இங்கிலாந்தில் ஏற்றம் பெரிது. முன்பே பழகிய மலாவி ரத்தத்தில் ஏற்றம் சிறிது. செங்கல்பட்டுக்கு இது முழு விளக்கம் ஆகாது. ஆனால் முதல் வாசிப்பை இரண்டாவது வாசிப்பென்று அறியாமலே அளந்திருக்கிறோம் என்ற சந்தேகம் வலுக்கிறது.

1999-ல் வந்த பதினைந்து வருஷக் கணக்கிலும் பெரியவர்களுக்குக் காப்பு இல்லை, குழந்தைகளுக்குச் சொற்பம். மூளைச் சவ்வைத் தாக்கும் காசத்திலிருந்து சிசுக்களைக் காக்கிறது என்பதால் பிறந்த கையோடு ஊசி போடுவது இன்றும் தொடர்கிறது.