பேர்போன ரத்தக்காட்டேரி

'ட்வைலைட்' நாவலை நான் முதலில் படித்தது இன்ஜினியரிங் ஹாஸ்டலில், அட்டைக்கு நியூஸ்பேப்பர் சுற்றி. பசங்க பார்த்தால் ஓட்டியே கொன்றுவிடுவார்கள். போன மாதம் எதையும் மறைக்காமல் மறுபடி படித்தேன். விடிகாலை இரண்டரை வரை கீழே வைக்க முடியவில்லை.

ஸ்டெஃபனி மேயர் எழுதி 2005இல் வந்த நாவல். ஃபோர்க்ஸ் என்ற மழை ஊர், பதினேழு வயது பெல்லா, 1918இன் ஃப்ளூவில் சாகக் கிடந்து பதினேழிலேயே நின்றுபோன எட்வர்ட். பயாலஜி வகுப்பில் அவள் வாசனை தாங்காமல், முஷ்டியை இறுக்கிக்கொண்டு, நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்காருகிறானே, அங்கேயே நான் விழுந்துவிட்டேன். கடிக்கிறவனைவிடக் கடிக்காமல் இருக்கப் பாடுபடுகிறவன்தான் சுவாரசியம்.

இந்த ஆள் எங்கிருந்து வந்தான்?

ஆரம்பத்தில் ரத்தக்காட்டேரிக்குக் குணம் என்று எதுவும் கிடையாது. 1732இல் ஆஸ்திரிய ராணுவ மருத்துவர்கள் செர்பிய கிராமம் ஒன்றில் கல்லறைகளைத் தோண்டிப் பார்த்து அறிக்கை எழுதினார்கள். அதில் இருப்பதெல்லாம் அழுகாத பிணம், உறையாத ரத்தம். அவ்வளவுதான்.

1815 ஏப்ரலில் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அடுத்த வருடம் ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. ஜெனீவா ஏரிக்கரையில் மழைக்கு அடைந்துகிடந்த கவிஞர் பைரன், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்றார். பதினெட்டு வயது மேரி 'ஃபிராங்கன்ஸ்டைன்' எழுதத் தொடங்கியது அப்போதுதான். பைரன் கொஞ்சம் எழுதிவிட்டுப் பாதியில் போட்டார். அந்தத் துண்டை எடுத்து முழுக்கதையாக்கியவர் அவருடைய டாக்டர் ஜான் பொலிடோரி. வயது இருபது.

பொலிடோரியின் லார்ட் ருத்வன் கல்லறைவாசி இல்லை. லண்டன் விருந்துகளில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும் கனவான். ஆனால் கதையின் உயிர் ஆப்ரி என்ற இளைஞன். ருத்வனைப் பற்றி ஒரு வருடமும் ஒரு நாளும் வாய் திறப்பதில்லை என்று சத்தியம் செய்துவிடுகிறான். தன் தங்கையையே ருத்வன் கல்யாணம் செய்யப்போவது தெரிந்தும் சொல்ல முடியவில்லை. சொல்லும்போது நேரம் கடந்துவிடுகிறது.

1819 ஏப்ரலில் லண்டன் பத்திரிகையொன்றில் கதை வந்தது, பைரன் பெயரில். 'என்னுடையது' என்று பொலிடோரி எழுதிப்போட்டார். 'என்னுடையதல்ல' என்று பைரனும் சொன்னார். விற்கிற பெயரை யார் விடுவார்கள்? 1821இல், இருபத்தைந்து வயதில், பொலிடோரி இறந்துபோனார்.

நான் ராத்திரி கண்விழித்து எழுதிய கோடை இன்னொருத்தர் தன் பெயர் போட்டு டெமோ காட்டியபோது, மீட்டிங்கில் நானும் கைதட்டியிருக்கிறேன். ஆப்ரியின் தொண்டையில் அடைத்தது என்னவென்று ஓரளவு தெரியும்.

எனக்குத் தோன்றுவது இதுதான். பொலிடோரி வசீகரத்தை ருத்வனுக்கும் மனசாட்சியை ஆப்ரிக்கும் பிரித்துக் கொடுத்தார். இரண்டும் ஒரே உடம்பில் சேர நாளானது. 1976இல் ஆன் ரைஸின் லூயி தான் கொல்வதை நினைத்துத் தவித்தான். எட்வர்ட் அந்தத் தவிப்பைப் பள்ளிக்கூட பெஞ்சுக்குக் கொண்டுவந்தான். ருத்வனும் ஆப்ரியும் ஒருத்தனுக்குள்ளேயே சண்டை போடுகிறார்கள். பதினேழு வயதில் யாருக்குத்தான் அந்தச் சண்டை இல்லை?

'ட்வைலைட்'டை அக்கா மகளிடம் கொடுத்தேன். மூன்றே நாளில் முடித்துவிட்டு, "அடுத்தது என்ன மாமா?" என்றாள்.

"பொலிடோரி படி."

"யாரு அது?"

உட்காரச் சொல்லி, எரிமலையிலிருந்து ஆரம்பித்தேன்.