அளவுகோல் இல்லாத ஊரில் வெள்ளத்தை அளப்பது எப்படி?



மாரி தொடங்கிவிட்டால் காத்தான்குடி, ஏறாவூர், மருதமுனை, சாய்ந்தமருது எங்கு போனாலும் ஒரே பேச்சுத்தான்: "போன முறையைவிட இந்த முறை தண்ணி கூட." எவ்வளவு கூட என்று கேட்டால் ஒருவர் முழங்காலைக் காட்டுவார், மற்றவர் இடுப்பைக் காட்டுவார். மட்டக்களப்பில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே மழை அளக்கப்படுகிறது. ஆனால் நமது குறுக்கு வீதிகளில் ஓடும் வெள்ளத்தை அளக்க எந்தக் கருவியும் இல்லை.

வெள்ளத்தை அளப்பது நமக்குப் புதிய கலையல்ல. கெய்ரோவில் நைல் நதியின் றவ்ழா தீவில் ஒரு கல்தூண் இருக்கிறது. கி.பி. 861 இல், கலீபா அல்முதவக்கிலின் ஆட்சியில் எழுப்பப்பட்டது. வானியல் அறிஞர் அல்பர்கானியின் பெயர் அந்த வேலையோடு இணைத்துச் சொல்லப்படுகிறது. தூணில் முழக் கணக்கில் கோடுகள். நீர் எந்தக் கோட்டைத் தொட்டது என்று பார்த்துத்தான் அந்த வருடத்து விளைச்சலையும் வரியையும் கணித்தார்கள்.

பெரிய ஆற்றுக்கு அப்படி ஒரு தூண் நடலாம். ஒவ்வொரு ஓடைக்கும் வடிகானுக்கும் யார் நடுவது? இந்தக் கேள்விக்கு 1851 இல் அயர்லாந்துப் பொறியியலாளர் தோமஸ் மல்வனி ஒரு வழி சொன்னார். ஓடையை அளக்க முடியாவிட்டால் மழையையும் நிலத்தையும் வைத்துக் கணக்கிடு. மிகத் தொலைவில் விழுந்த துளியும் வாய்க்கால் முனைக்கு வந்து சேரும் நேரம்வரை மழை நீடித்தால், அப்போதுதான் வெள்ளம் உச்சத்தைத் தொடும் என்றார். 1889 இல் அமெரிக்காவின் றொச்செஸ்டர் நகரில் எமில் குயிச்லிங் இதை நகர வடிகான்களுக்குப் பொருத்தினார். மழையின் வேகம், நிலப்பரப்பு, அந்த நிலத்தில் ஊறாமல் ஓடும் நீரின் பங்கு ஆகிய மூன்றையும் பெருக்குவதுதான் அந்தச் சூத்திரம்.

நமது நாட்டில் நீர்ப்பாசனத் திணைக்களப் பொறியியலாளர் ஏ.ஜே.பி. பொன்ராஜா 1984 இல் எழுதிய கையேடு, அளவுமானி இல்லாத சிறு நீரேந்து பகுதிகளுக்கு வெள்ளத்தைக் கணிக்கும் வழியைத் தந்தது. இன்றும் பொறியியலாளர்கள் அதைப் புரட்டுகிறார்கள். ஆனால் அது குளத்துக்கும் அணைக்கட்டுக்கும் எழுதப்பட்டது. சுவரோடு சுவர் ஒட்டிய எழுவான்கரை ஊர்களுக்கு எழுதப்பட்டதல்ல.

நமது கதையை மாற்றியது அந்தச் சூத்திரத்தின் மூன்றாவது எண்தான். ஒரு 10 பேர்ச் வளவை எடுங்கள். ஏறத்தாழ 250 சதுர மீற்றர். ஒரு மணித்தியாலத்தில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் அதில் 12,500 லீற்றர் தண்ணீர் விழும். மூத்தவாப்பா காலத்து மணல் வளவில், தென்னைக்கும் முருங்கைக்கும் இடையில், ஐந்தில் ஒரு பங்குதான் வெளியே ஓடும் என்று வைத்துக்கொள்வோம். அது 2,500 லீற்றர். அதே வளவில் வீடும் கொங்கிறீட் முற்றமும் நிறைந்துவிட்டால் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 10,000 லீற்றர், வீதிக்கு வரும். மழை அதேதான், வெள்ளம் நாலு மடங்கு. பழைய எண்ணை வைத்துக் கட்டிய வடிகான் இதை எப்படித் தாங்கும்? தோணாவின் கரையையும் மண் போட்டு நிரப்பிவிட்டால் தண்ணீர் எங்கே போகும்?

இன்னொரு சங்கதியும் உண்டு. வடிகானின் முனையில் தண்ணீர் தடையின்றி வெளியேறும் என்று அந்தச் சூத்திரம் நம்புகிறது. நமது முனை வாவியில் இருக்கிறது. உன்னிச்சை, நவகிரி, றூகம் குளங்கள் வான் பாய்ந்தால் படுவான்கரைத் தண்ணீரெல்லாம் வாவிக்குத்தான் வரும். முகத்துவாரம் மணலால் மூடிக்கிடந்தால் வாவி உயரும். வடிகான் எதிர்ப்பக்கமாக ஓடும். முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்பதில் வெள்ளாண்மைக்காரரும் மீனவரும் முரண்படுவது இதனால்தான். ஒருவருக்கு வயல் தப்ப வேண்டும், மற்றவருக்கு வாவியில் மீனும் இறாலும் நிற்க வேண்டும்.

ஆகவே நமக்கு மூன்று தகவல் வேண்டும். மழையின் அளவு பதிவில் இருக்கிறது. நிலத்தில் எவ்வளவு மூடப்பட்டுள்ளது என்பதைச் செய்மதிப் படத்தில் எண்ணலாம். எந்த நாளில், எந்த வீதியில், எந்த உயரத்துக்குத் தண்ணீர் நின்றது என்பது மட்டும் மனிதர்களின் நினைவில் கிடக்கிறது. 1957 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். 2011 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் வந்த இரண்டு வெள்ளங்களின் கறையும் பெயின்ற் அடித்தபோது போய்விட்டது.

பொறியியலாளர் தமது கணக்குச் சரியா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது அந்தக் கறையோடுதான். அதற்குக் காசு தேவையில்லை. பள்ளிவாசல் சுவரிலும் பாடசாலை மதிலிலும், வெள்ளம் வடிவதற்கு முன் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் திகதியும் நேரமும் எழுதுங்கள். அடுத்த முறை பெயின்ற் அடிக்கும்போது அந்தக் கோட்டை விட்டுவிடுங்கள். நாளை ஒரு வடிகானின் அகலத்தைத் தீர்மானிக்கும் கூட்டத்தில், முழங்காலா இடுப்பா என்ற வாக்குவாதத்துக்குப் பதிலாக அந்தக் கோடு பேசும், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் வீட்டில் 1957 ஐக் கண்டவர்கள் இருந்தால், தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டுக் கீழே எழுதுங்கள். ஊர்ப் பெயரையும் வீதிப் பெயரையும் மறக்க வேண்டாம்.