எழுத்து

கண்ணுக்கு மை தீட்டுவதை ‘மை எழுதுதல்’ என்பது பழைய தமிழ். சங்கப் பாடல்களில் பெண்ணின் தோளிலும் மார்பிலும் குழம்பால் கோலமிடுவது தொய்யில் எழுதுதல். ஆக, எழுதுவது என்றால் வரைவதும்தான். தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரமோ பெரும்பாலும் பேசுவது ஒலியைப் பற்றி! ஒரே சொல்லுக்குள் ஓசையும் உருவும்.

இந்தப் பழம்பொருள் இன்னும் பளிச்சென்று தெரியும் இடம் கேரளம். தெய்யம் ஆடுபவர் முகத்தில் வண்ணம் தீட்டுவது அங்கே ‘முகத்தெழுத்து’. பத்ரகாளியைத் தரையில் பொடிகளால் வரைவது ‘களமெழுத்து’. வெள்ளைக்கு அரிசிமாவு, மஞ்சளுக்கு மஞ்சள்தூள், கறுப்புக்குக் கரியாக்கிய உமி, பச்சைக்கு இலைப்பொடி. மஞ்சளோடு சுண்ணாம்பைக் கலந்தால் சிவப்பு. தூரிகை கிடையாது, விரலிடுக்கில் பொடி வழிய வேண்டும். வரைந்து முடித்ததும் தேவியின் கதையைப் பாட்டாகப் பாடுவார்கள். மணிக்கணக்கில் எழுதியதைக் கடைசியில் அழித்துவிடுவார்கள். அதுவும் சடங்கில் சேர்ந்ததே.

அதே மண்ணில், கொல்லத்தில்தான் 1578இல் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற நூல் தமிழில் அச்சானது. உலோகத்தில் வார்த்த அந்த அச்சுகளுக்கும் பெயர் எழுத்துதான்.