நாற்காலிக்கு வந்த கண்டம்!

அரசு அலுவலகத்துக்குப் போகாமல் தப்பித்தவர் யாராவது உண்டா? போயிருப்பீர்கள். அங்கே மாடிப்படிக்குக் கீழே ஒரு காட்சியைப் பார்த்திருப்பீர்கள். கால் போன நாற்காலிகள், டிராயர் இல்லாத மேஜைகள், கதவு தொங்கும் பீரோ எல்லாம் ஒன்றின் தலை மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். ‘என்னங்க இது?’ என்று பியூனிடம் கேட்டால், ‘அதுவா சார்... கண்டம் பண்ணியாச்சு. ஏலத்துக்குப் போகணும்’ என்பார்.

‘கண்டெம்ன்’ என்ற இங்கிலீஷ் வார்த்தையை நம் ஊர் வாய் இப்படிச் சுருக்கிக்கொண்டது. ஜோசியர் சொல்லும் கண்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால், பாவப்பட்ட நாற்காலியைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான்!

அப்படிக் கண்டத்தில் சிக்கி, ஏலத்தில் அடிமாட்டு விலைக்குப் போய், கடைசியில் பாரீஸிலும் நியூயார்க்கிலும் பணக்காரர்களின் வரவேற்பறையில் கால் மேல் கால் போட்டுக்கொண்ட நாற்காலிகளின் கதையை இப்போது பார்க்கலாம். ஊர் – சண்டிகர்.

1947-ல் தேசம் இரண்டானபோது பஞ்சாபும் இரண்டானது. தலைநகரமான லாகூர் அந்தப் பக்கம் போய்விட்டது. இந்தப் பக்கத்துப் பஞ்சாபுக்குத் தலைநகரமே இல்லை! ‘புதுசாகவே ஒன்று கட்டிவிடலாம்’ என்று முடிவானது. பழைய சம்பிரதாயங்களின் சுமை இல்லாத, புது இந்தியாவின் அடையாளமாக அந்த நகரம் இருக்க வேண்டும் என்பது நேருவின் ஆசை.

முதலில் ஆல்பர்ட் மேயர் என்ற அமெரிக்கரும், அவருடைய கூட்டாளி மாத்யூ நொவிட்ஸ்கியும் திட்டம் போட்டார்கள். 1950-ல் விமான விபத்தில் நொவிட்ஸ்கி இறந்துபோனார். அதன் பிறகுதான் உலகப் புகழ்பெற்ற கட்டடக்கலை மேதை லெ கார்பூசியே உள்ளே வருகிறார். அவர் போட்ட நிபந்தனை என்ன தெரியுமா? ‘நான் வருடத்துக்கு இரண்டு தடவை வந்து போவேன். கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேறு ஆள் வேண்டும்!’

அந்த வேறு ஆள், அவருடைய ஒன்றுவிட்ட தம்பி பியர் ஜெனரே. 1896-ல் ஜெனீவாவில் பிறந்தவர். அண்ணனும் தம்பியும் பாரீஸில் பல வருடம் ஒன்றாகத் தொழில் செய்தவர்கள். இரண்டாம் உலகப்போர் வந்தபோது ஜெர்மனிக்கு அடங்கிப்போன பிரெஞ்சு அரசாங்கத்தின் பக்கம் அண்ணன் வேலை தேடிப் போனார். தம்பியோ எதிர்த்துப் போராடிய ரகசியக் குழுக்களின் பக்கம் போனார். பேச்சுவார்த்தையே முறிந்தது. பிரிந்த இருவரையும் மறுபடி சேர்த்துவைத்த புண்ணியம் நம் சண்டிகருக்கு!

1951-ல் வந்த ஜெனரே, 1965 வரை அங்கேயே தங்கிவிட்டார். அண்ணன் வந்து போகும் விருந்தாளி. வெயிலிலும் தூசியிலும் நின்று, கொத்தனாரோடும் கான்ட்ராக்டரோடும் மல்லுக்கட்டியவர் தம்பி. நகரம் எழும்ப எழும்ப இன்னொரு பிரச்னை முளைத்தது. தலைமைச் செயலகம், ஹைகோர்ட், சட்டசபை, பல்கலைக்கழகம், நூலகம், கல்லூரிகள்... எல்லாம் கட்டியாகிவிட்டது. சரி, உட்காருவது எதில்? ஆயிரக்கணக்கில் நாற்காலி வேண்டும். வெளிநாட்டிலிருந்து இறக்கப் பணம் இல்லை. பெரிய ஃபேக்டரிகளும் இல்லை.

ஜெனரே கையில் இருந்ததைப் பார்த்தார். தேக்கு இருந்தது, சீஷம் மரம் இருந்தது, பிரம்பு இருந்தது. அதைவிட முக்கியமாக, உளி பிடிக்கத் தெரிந்த தச்சர்கள் இருந்தார்கள். இதை வைத்தே ஒரு நாற்காலியை யோசித்தார்கள். பக்கவாட்டில் பார்த்தால், திருப்பிப் போட்ட ‘வி’ எழுத்து மாதிரி இரண்டு கால்கள். ஜியோமிதிப் பெட்டியில் இருக்கும் காம்பஸை விரித்து நிறுத்தினால் எப்படி இருக்குமோ, அப்படி! உட்காரும் இடமும் முதுகு சாயும் இடமும் பிரம்புப் பின்னல். வடக்கத்தி வெயிலில் முதுகில் காற்றுப்பட வேண்டும் அல்லவா? அலங்காரம் என்று ஒரு பூ, ஒரு கொடி கிடையாது. வரைபடத்தைக் கொடுத்தால் எந்தப் பட்டறையிலும் செய்துவிடலாம்.

‘யோசித்தார்கள்’ என்று பன்மையில் சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்த வேலையில் யூலி சௌத்ரி என்ற இந்தியப் பெண் கட்டடக் கலைஞருக்கும் பெரிய பங்கு உண்டு. பின்னாளில் பஞ்சாபின் தலைமைக் கட்டடக் கலைஞராக உயர்ந்தவர் அவர். ஆனால், இன்றைக்கு ஏலப் பட்டியல்களில் கொட்டை எழுத்தில் இருப்பது ஜெனரேயின் பெயர். மரத்தை அறுத்து, இழைத்து, பிரம்பு பின்னிய தச்சர்களின் பெயர்? அது எந்தப் பட்டியலிலும் இல்லை.

நாற்காலிகள் பல பட்டறைகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டதால், ஒன்றைப்போல் இன்னொன்று அச்சாக இருக்காது. கை ஒன்றில் கொஞ்சம் தடிமன், கால் ஒன்றில் கொஞ்சம் சாய்வு. எந்த ஆபீஸின் சொத்து என்பது மறந்துவிடக்கூடாதே! ஆகவே முதுகுப்பக்கம் பெயின்ட்டால் இலாகாவின் பெயரையும் எண்ணையும் எழுதினார்கள். குமாஸ்தா எழுதிய சாதாரணக் கிறுக்கல்தான் அது. அந்தக் கிறுக்கலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது!

1965-ல் உடம்பு முடியாமல் ஜெனரே ஊர் திரும்பினார். 1967-ல் ஜெனீவாவில் காலமானார். அவருடைய விருப்பப்படி அஸ்தியை இந்தியாவுக்குக் கொண்டுவந்து, சண்டிகரின் சுக்னா ஏரியில் கரைத்தார்கள். அந்த ஊரை அவ்வளவு நேசித்த மனுஷன்!

ஊர் அவருடைய நாற்காலியை நேசித்ததா? அதற்கும் வயதானது. பிரம்பு கிழிந்தது. கிழிந்த பிரம்பில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். திரும்பப் பின்னலாம் என்றால் ஆள் தேட வேண்டும், ஃபைல் போட வேண்டும், கையெழுத்து வாங்க வேண்டும். அதற்குள் சக்கரம் வைத்த, குஷன் தைத்த, சுற்றும் நாற்காலிகள் மார்க்கெட்டுக்கு வந்துவிட்டன. எந்த அதிகாரிதான் வேண்டாம் என்பார்? பழைய நாற்காலிகள் மொட்டை மாடிக்கும் வராந்தாவுக்கும் போய், மழையிலும் வெயிலிலும் மலைபோலக் குவிந்தன. அப்புறம் வழக்கம்போல, கண்டம்... ஏலம்! எடுத்தவர்கள் பழைய மர வியாபாரிகள். பல நாற்காலிகள் அடுப்புக்குப் போயின.

1990-களின் கடைசியில் பாரீஸிலிருந்து சில பழம்பொருள் வியாபாரிகள் சண்டிகர் வந்து இறங்கினார்கள். எரிக் டூஷலோம், ஃபிரான்ஸுவா லஃபனூர், பாட்ரிக் சேகன் என்று ஏழெட்டுப் பேர்கூட இல்லை. ஜெனரே யார், கார்பூசியே யார் என்பது அவர்களுக்கு அத்துப்படி. மொட்டை மாடிக் குவியலைப் பார்த்தபோது நம் அதிகாரிகள் கண்ணுக்கு விறகு தெரிந்தது, அவர்கள் கண்ணுக்குப் புதையல் தெரிந்தது. நேர்மையாகவே ஏலத்தில் கலந்துகொண்டு, பணம் கட்டி, ரசீது வாங்கி, கன்டெய்னர் கன்டெய்னராகக் கப்பலில் ஏற்றினார்கள்.

அங்கே பட்டறையில் என்ன நடந்தது? மாயமந்திரம் ஒன்றும் இல்லை. வீட்டு கார் ஷெட்டில் பழைய மர சாமானை வாங்கிச் சரிபண்ணி விற்கிறவர்கள் செய்கிற அதே வேலைதான். முதலில் ஆட்டம் காணும் மூட்டுகளைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, மறுபடி ஒட்டி இறுக்குவது. உடைந்த இடத்தில் அதே ஜாதி மரத்தை வெட்டிப் பொருத்துவது. பல வருட அழுக்கையும் கறுத்துப்போன பாலிஷையும் எடுப்பது. கடைசியில் பிரம்பு. அதைத் தண்ணீரில் ஊறவைத்து, மெத்தென்று ஆனதும் துளைகளில் கோத்து, குறுக்கும் நெடுக்கும் மூலைவிட்டமுமாகப் பின்னுவார்கள். காயக் காய இழுத்துப் பிடித்துக்கொண்டு மத்தளம் மாதிரி விறைப்பாகிவிடும்.

இந்தத் தொழிலில் ஒரு பெரிய சர்ச்சை உண்டு. எவ்வளவு தேய்ப்பது? உப்புத்தாள் போட்டு அடியோடு தேய்த்துப் புத்தம் புதுசாக்கிவிட்டால் பளபளப்பு வரும். ஆனால், ஐம்பது வருடம் குமாஸ்தாக்களின் முழங்கை பட்டு மழமழப்பான அந்தக் கைப்பிடி? பேனா மை கொட்டிய கறை? அதெல்லாம் போனால் நாற்காலியின் வயதும் போய்விடுகிறது. சண்டிகர் நாற்காலிகளில் பல அப்படி அளவுக்கு மீறிப் பளபளப்பாக்கப்பட்டன என்ற குறை இன்றைக்கும் உண்டு. ஆனால், ஒன்றை மட்டும் கெட்டிக்காரர்கள் தொடவே இல்லை. ஞாபகம் இருக்கிறதா? முதுகில் குமாஸ்தா எழுதிய அந்த எண்!

அதுதானே ஜாதகம்! ‘இது நிஜமாகவே ஹைகோர்ட்டில் இருந்தது, இது பல்கலைக்கழக நூலகத்தில் இருந்தது’ என்று சொல்லும் சாட்சி. அதனால் அந்தக் கிறுக்கலுக்கே தனி விலை. (போலி நாற்காலி செய்து போலி எண் எழுதும் ‘கலைஞர்கள்’ பின்னாலேயே கிளம்பினார்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?) சரித்திரப் புத்தகம், கண்காட்சி, ஏலம் என்று படிப்படியாகப் பெயர் பரவியது. ஜோடி நாற்காலி லட்சங்களில் போனது. நூலக மேஜை போன்ற பெரிய சாமான்கள் கோடி ரூபாயைத் தொட்டதும் உண்டு. நகரத்தின் வரைபடத்தை அச்சாக வார்த்த இரும்புச் சாக்கடை மூடிகளைக்கூட ஏலத்தில் போட்டி போட்டு வாங்கினார்கள்!

செய்தி சண்டிகருக்கு எட்டியதும் ‘ஐயோ, போச்சே!’ என்று ஒரே கூப்பாடு. 2011-ல் மத்திய உள்துறை அமைச்சகம், இந்தப் பாரம்பரிய சாமான்களை விற்கக்கூடாது என்று உத்தரவு போட்டது. கணக்கெடுத்தபோது 12,793 சாமான்கள் மிச்சம் இருப்பதாகத் தெரிந்தது. வெளியே போனதைத் திருப்பிக் கொண்டுவர முடியுமா? சட்டம் இடம் கொடுக்கவில்லை. 1972-ம் வருடத் தொல்பொருள் சட்டப்படி ஒரு பொருளுக்கு நூறு வயதாவது ஆகியிருக்க வேண்டும். 1955-ல் செய்த நாற்காலி சட்டத்தின் கண்ணில் ‘பெரிய மனுஷன்’ ஆவது 2055-ல்தான்!

ஏமி சீகல் என்ற அமெரிக்கக் கலைஞர் 2013-ல் இதைப் படமாகவே எடுத்தார். படத்தின் பெயருக்குத் தமிழில் ‘பூர்வீகம்’ என்று சொல்லலாம். வசனம் கிடையாது. பணக்கார வீடுகளில் ஆரம்பித்து, ஏலக்கூடம், ரிப்பேர் பட்டறை, கப்பல் என்று பின்னோக்கி நடந்து, கடைசியில் சண்டிகரில் போய் முடிகிறது. எடுத்தவர் அதோடு விடவில்லை. அதே வருடம் அந்தப் படத்தையே லண்டனில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் விட்டார். அதுவும் விலை போனது!

இப்போது நீங்கள்தான் நீதிபதி. அந்தப் பாரீஸ்காரர்கள் கொள்ளைக்காரர்களா, காப்பாற்றியவர்களா?

‘ஏழை நாட்டின் சொத்தை சல்லிசாகச் சுருட்டி, கொள்ளை லாபத்துக்கு விற்றார்கள்’ என்பது ஒரு கட்சி. ‘அவர்கள் வாங்கியிருக்காவிட்டால் அவ்வளவும் சாம்பல். விற்றது நீங்கள், ரசீது கொடுத்ததும் நீங்கள்’ என்பது எதிர்க்கட்சி. இரண்டிலும் உண்மை இருக்கிறது. எனக்கு உறுத்துவது லாபம் அல்ல. ரிப்பேர் பண்ணி விற்பது கௌரவமான தொழில். கூலி உண்டு, ரிஸ்க் உண்டு, லாபமும் வரத்தான் வேண்டும். ஆனால், பழைய நாற்காலியில் மரத்தைத் தவிர இன்னொரு சரக்கும் இருக்கிறது. அதன் கதை! யார் யோசித்தார், எங்கே இருந்தது, யார் உட்கார்ந்தார் என்ற கதை. அந்த வியாபாரிகள் மரத்துக்குக் காசு கொடுத்தார்கள். கதையை நாமே இலவசமாகக் கொடுத்துவிட்டோம். காரணம், நம்மிடம் அப்படி ஒரு கதை இருப்பதே நமக்குத் தெரியாது!

அந்தக் கதை தெரிந்திருந்தால், பிரம்பு பின்னத் தெரிந்த ஒரு ஆளை அந்த நகரத்திலேயே உட்காரவைத்திருக்கலாம். அவருக்குச் சம்பளம் கொடுக்க, ஏலம் போன ஒரு மேஜையின் விலை போதும்.

சண்டிகர் இப்போது கொஞ்சம் விழித்துக்கொண்டிருக்கிறது. ஜெனரே குடியிருந்த செக்டார் 5 வீடு 2017-ல் மியூசியமானது. அங்கே அவருடைய சாமான்களைப் பார்க்கலாம். அதற்கு முந்தைய வருடம்தான் கார்பூசியேயின் கேப்பிட்டல் வளாகத்தை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அடுத்த தடவை உங்கள் வீட்டு வாசலில் ‘பழைய சாமான்... பழைய சாமான்...’ என்று குரல் கேட்டால், அவசரப்பட்டுப் பரணில் இருக்கும் தாத்தாவின் நாற்காலியை இறக்கிவிடாதீர்கள். தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒரு பெயர், ஒரு எண், ஒரு தச்சரின் பென்சில் கோடு இருக்கலாம். வீட்டுப் பெரியவர்களிடம், ‘இது எப்படி நம்ம வீட்டுக்கு வந்துச்சு?’ என்று கேட்டு, பதிலை ஒரு காகிதத்தில் எழுதி அடியில் ஒட்டிவிடுங்கள்.

அதன் பிறகும் விற்கத் தோன்றினால், தாராளமாக விற்கலாம். என்ன விற்கிறோம் என்று தெரிந்தாவது விற்போமே!