படியேறச் சொன்ன டாக்டர்கள்

கொட்டிலில் படுத்து அசைபோடும் மாட்டைப் பார்த்து, அது எவ்வளவு பாரம் இழுக்கும் என்று சொல்ல முடியுமா? வண்டியில் பூட்டிப் பார்த்தால்தான் தெரியும். இருதயமும் அப்படித்தான். மாடியேறினால் நெஞ்சு வலிக்கிறது என்று ஒருவர் வருகிறார். படுக்க வைத்து இ.சி.ஜி. எடுத்தால் ஒரு கோளாறும் தெரிவதில்லை. ஓய்வில் இருதயத் தசைக்கு வேண்டிய பிராணவாயு குறைவு. பெரிதும் குறுகிவிட்ட தமனிகூட அதைக் கொடுத்துவிடும். உழைக்கும்போது தேவை பல மடங்கு ஏறுகிறது. பற்றாக்குறை அப்போதுதான் வெளிப்படும்.

இ.சி.ஜி. கருவியை ஹாலந்து நாட்டு விஞ்ஞானி ஐந்தோவன் உருவாக்கினார். 1924-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே, 1918-ல், பௌஸ்ஃபீல்ட் என்ற ஆங்கிலேய டாக்டர் ஒரு நோயாளிக்கு நெஞ்சுவலி வந்திருந்த நேரத்திலேயே இ.சி.ஜி. பதிவு செய்தார். வரைபடத்தில் எஸ்.டி. என்று குறிக்கப்படும் பகுதி கீழே இறங்கியிருந்தது.

வலி தானாக வரும்வரை கருவியோடு காத்திருக்க முடியுமா? 1928-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஃபெயில், சீகல் என்ற இருவர் நோயாளிகளை உடற்பயிற்சி செய்ய வைத்து வலியை வரவழைத்தார்கள். வலி வந்தது, கோடு இறங்கியது. வலி தணிந்ததும் கோடு பழைய நிலைக்குத் திரும்பியது. நோயாளிக்கு வேண்டுமென்றே வலியை உண்டாக்குவதா என்று நமக்குத் திகைப்பாகத்தான் இருக்கிறது.

அடுத்த ஆண்டே நியூயார்க்கில் ஆர்தர் மாஸ்டர் ஒரு எளிய சோதனையை வகுத்தார். தேவையானவை இரண்டே படிகள், ஒவ்வொன்றும் 9 அங்குல உயரம். நோயாளி ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கி, திரும்பி மறுபடி ஏற வேண்டும். ஒன்றரை நிமிடத்தில் எத்தனை முறை என்பதற்கு வயது, எடை, ஆணா பெண்ணா என்பவற்றைப் பார்த்து அட்டவணை உண்டு. வேடிக்கை என்னவென்றால், முதலில் அவர் அளந்தது நாடித் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் மட்டுமே. படிக்கட்டோடு இ.சி.ஜி.யைச் சேர்க்க 1941 வரை ஆயிற்று!

இதிலும் குறைகள் இருந்தன. ஏறி முடித்துப் படுத்த பிறகே பதிவு எடுத்தார்கள். பலவீனமானவருக்கு அந்த ஏற்றம் அதிகம். திடகாத்திரமானவருக்கு அது ஒரு வேலையே இல்லை.

இவற்றைத் தீர்த்தவர் சியாட்டில் நகரத்து டாக்டர் ராபர்ட் புரூஸ். ஓடும் பட்டையின் மேல் நடக்க வைக்கும் ட்ரெட்மில்லை அவர் கையாண்டார். 1963-ல் அவர் வெளியிட்ட முறை இன்றும் வழக்கில் உள்ளது. முதல் 3 நிமிடம் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், 10 சதவீத ஏற்றம். அதாவது 100 மீட்டர் நடந்தால் 10 மீட்டர் உயரம் ஏறியதாகக் கணக்கு. அடுத்த 3 நிமிடம் 4 கிலோமீட்டர், 12 சதவீதம். இப்படியே ஏறிக்கொண்டு போகும். மார்பில் ஒட்டிய மின்வாய்கள் நடக்கும்போதே பதிவு செய்கின்றன. எஸ்.டி. பகுதி 1 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தட்டையாக அல்லது சரிவாக இறங்கினால் சந்தேகம் எழுகிறது. வலி மிகுந்தாலோ, இரத்த அழுத்தம் விழுந்தாலோ, துடிப்பின் தாளம் கெட்டாலோ உடனே நிறுத்திவிடுவார்கள்.

ஆபத்து இல்லையா? 73 மையங்களில் நடந்த சுமார் 1,70,000 சோதனைகளை ராக்மிஸ், பிளாக்பர்ன் என்பவர்கள் தொகுத்து 1971-ல் வெளியிட்டார்கள். இறந்தவர்கள் 16 பேர். ஏறக்குறைய 10,000-க்கு ஒருவர். டாக்டர் அருகில் இருக்க வேண்டும் என்பது வெறும் சடங்கு அல்ல.

சோதனை பொய் சொல்வதும் உண்டு. ஒரே முடிவு எல்லோருக்கும் ஒரே பொருள் தராது என்பதை 1979-ல் டயமண்ட், ஃபாரெஸ்டர் இருவரும் கணக்கிட்டுக் காட்டினார்கள். நடந்தால் வலி, நின்றால் நிவாரணம் என்று சொல்லும் 60 வயது ஆணுக்குக் கோடு இறங்கினால் நோய் அநேகமாக உறுதி. எந்தத் தொல்லையும் இல்லாத 35 வயதுப் பெண்ணுக்கு அதே கோடு இறங்கினால் பெரும்பாலும் வீண் பீதிதான். ஆரோக்கியமாக இருப்பவர்கள் ஆசைக்காக இந்தச் சோதனையைச் செய்துகொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

மறுபுறம், நன்றாக நடந்து நல்ல முடிவோடு வீடு திரும்பியவருக்குச் சில வாரங்களில் மாரடைப்பு வருவதும் உண்டு. தமனியைப் பாதிகூட அடைக்காத ஒரு கொழுப்புப் படிவு திடீரென்று வெடித்து, அதன் மேல் இரத்தம் உறைந்துவிடுகிறது. வெடிக்கும்வரை இரத்த ஓட்டத்துக்கு அது தடையாக இருப்பதில்லை. எனவே எவ்வளவு வேகமாக நடக்க வைத்தாலும் கோடு இறங்காது.