ஆணிக்காரர் இழுத்த குழாய்

1896. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்துக்கு சைக்கிள் பைத்தியம் பிடித்திருந்தது. ஓட்டுகிற பைத்தியம் பாதி. ஷேர் வாங்குகிற பைத்தியம் மீதி. சைக்கிள் கம்பெனி, டயர் கம்பெனி, குழாய் கம்பெனி... பெயர்ப்பலகை போதும், ஜனம் பணத்தைக் கொண்டுவந்து கொட்டியது. எர்னஸ்ட் ஹூலி என்றொரு கில்லாடி. டன்லப் கம்பெனியை 30 லட்சம் பவுண்டுக்குப் பேசி முடித்து, பொதுமக்கள் தலையில் 50 லட்சத்துக்குக் கட்டினார். இயக்குநர் பட்டியலில் பெரிய மனிதர்கள் இருந்தால்தானே நம்புவார்கள்? பிரபுக்களுக்குக் காசு கொடுத்துப் பெயரை வாங்கிப் போட்டார். காமர்ஸ் படித்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், இந்த டெக்னிக் இன்னும் காலாவதி ஆகவில்லை. 1898-ல் ஹூலி திவால்.

அவரை விடுங்கள். அதே ஊரில், அதே சமயம், ஆல்ஃபிரட் மில்வர்ட் ரெனால்ட்ஸ் வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். குடும்பத் தொழில், ஆணி செய்வது. 1841-ல் ஆரம்பித்த கம்பெனி.

சைக்கிளின் எலும்புக்கூடு என்பது சில எஃகுக் குழாய்கள். அவை மெல்லிசாக இருந்தால் வண்டி லேசாகும். சிக்கல், மூட்டில். பித்தளையை உருக்கி ஊற்றி ஒட்டும்போது அந்தச் சூடு எஃகின் பலத்தைக் குறைத்துவிடும். மெல்லிய குழாய் சரியாக அங்கேதான் முறியும். இறக்கத்தில் போகும்போது முறிந்தால் என்ன ஆகும்? எனவே முழுக் குழாயையும் தடிமனாக்கினார்கள். வண்டி கனத்தது.

அந்தக் குழாயை எப்படிச் செய்தார்கள் தெரியுமா? ஸ்வீடன் எஃகு உருளையில் துளை போட்டு, சூட்டில் உருட்டி, ஆறவைத்து, பிறகு அச்சு வழியாக இழுப்பார்கள். இடியாப்பம் மாதிரி பின்னாலிருந்து அழுத்துவதில்லை. தட்டான் தங்கக் கம்பியைத் துளைத் தகட்டில் கொடுத்து இழுப்பாரே, அதேதான். குழாய் என்பதால் உள்ளே ஒரு இரும்புத் தண்டு. அச்சுக்கும் தண்டுக்கும் நடுவே நசுங்கி, சுவர் மெலிந்து, நீளம் கூடும். பச்சை எஃகை இழுக்க இழுக்க அது இறுகிக்கொண்டே போகும். அதற்குமேல் பிடிவாதம் பிடித்தால் வெடிக்கும். உலையில் வாட்டி, இளக்கி, மறுபடி இழுக்க வேண்டும்.

ரெனால்ட்ஸ் செய்தது இதுதான்: உள்ளே போகும் தண்டின் முனைகளை ஒல்லியாக்கினார். தண்டு ஒல்லியான இடத்தில் குழாயின் சுவர் தடிக்கும், தண்டு பருத்த இடத்தில் மெலியும். வெளியே பார்த்தால் ஒரே அளவு! சரி, உள்ளே மாட்டிக்கொண்ட தண்டை எப்படி எடுப்பது? குழாயைச் சாய்வான உருளைகளுக்கு நடுவே ஓடவிட்டால் ஒரு மயிரிழை விரிந்துகொடுக்கும். தண்டு வழுக்கி வந்துவிடும். 1897-ல் காப்புரிமை. மறுவருஷம், ஹூலி திவாலான அதே வருஷம், ரெனால்ட்ஸின் குழாய் கம்பெனி பிறந்தது.

இழுப்பவர்களின் கைப்பழக்கம்தான் அப்போதெல்லாம் பாடப்புத்தகம். எவ்வளவு இழுத்தால் அறும் என்பதற்குக் கணக்கு வர ரொம்ப நாள் ஆயிற்று. 1927-ல் ஜெர்மனியில் ஜார்ஜ் சாக்ஸ், கம்பி இழுப்பதற்கு ஒரு சமன்பாடு எழுதினார். அடிப்படை எளிது. இழுக்கிற விசை முழுவதையும் தாங்குவது, அச்சைத் தாண்டி வெளியே வந்த மெலிந்த பகுதி. இழுவிசை அதன் பலத்தைத் தாண்டக் கூடாது. உராய்வே இல்லை, உலோகம் இறுகவும் இல்லை என்று வைத்துக்கொண்டால்கூட, ஒரே இழுப்பில் குறுக்குப் பரப்பை 63 சதவிகிதத்துக்கு மேல் குறைக்க முடியாது. நிஜத்தில் அதில் பாதி கிடைத்தாலே சந்தோஷம். குழாய்க்கு உள்ளேயும் உராய்வு என்பதால் கணக்கு இன்னும் சிக்கல். அதை 1940-களில்தான் ஒருமாதிரி ஒழுங்குபடுத்தினார்கள். எந்தக் கணக்கு போட்டாலும் கடைசியில் குழாயை வெட்டி, நசுக்கி, வாயை விரித்து, விரிசல் விடுகிறதா என்று பார்க்காமல் இன்றைக்கும் வெளியே அனுப்பமாட்டார்கள்.

1935-ல் ரெனால்ட்ஸ் கம்பெனியின் புகழ்பெற்ற 531 வந்தது. மாங்கனீசு, மாலிப்டினம் கலந்த எஃகு. அதில் ஒரு ரகத்துக்கு முனையில் 0.8 மில்லிமீட்டர், நடுவில் 0.5. அரை மில்லிமீட்டர் சுவரை நம்பி டூர் டி பிரான்ஸில் மலை இறங்கினார்கள். ஜெயித்தார்கள்.

1928-லேயே ரெனால்ட்ஸ், டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற பெரிய குழுமத்தில் சேர்ந்துவிட்டது. சுருக்கமாக, டி.ஐ. எங்கேயோ கேட்ட பெயராக இருக்கிறதா? அதே டி.ஐ.தான் 1949-ல் முருகப்பா குழுமத்தோடு கைகோத்து அம்பத்தூரில் சைக்கிள் கம்பெனி ஆரம்பித்தது. உங்கள் அப்பா ஓட்டிய ஹெர்குலிஸ், அங்கே தயாரானது. சைக்கிளுக்குக் குழாய் வேண்டுமே? 1955-ல் பக்கத்திலேயே, ஆவடியில், டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா.