ஒன்றரைச் சுற்று: ஏழடிக்கு ஓர் உரை

"ஸ்லோ நிக்க மாட்டேங்குதுண்ணே." பழைய புல்லட்டைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்கு வருபவர் பெரும்பாலும் இந்த ஒரு வாக்கியத்தோடுதான் வருவார். சிக்னலில் நின்றால் வண்டி அணைந்துவிடும். கூட்டத்தில் இரண்டாம் கியரில் ஊர்ந்தால் வெட்டி வெட்டி ஓடும். கைப்பிடியைத் திருகினால் ஒரு நொடி திணறிவிட்டுத்தான் கிளம்பும். அவசரக் கை இதற்குச் செய்யும் வைத்தியமும் ஒன்றே: ஐட்லிங் திருகை இரண்டு சுற்று உள்ளே முறுக்கி வண்டியை இரைய விடுவது. வண்டி அணையாமல் நிற்கும். நோய் அப்படியே இருக்கும்.

அந்த வைத்தியத்துக்கு மாற்றாக, பட்டறைகளில் வாய்வழியாக வழங்கும் முறையை ஏழு அடியாகக் கட்டிப் பார்த்தேன். இலக்கண விளக்கம் எழுதிய வைத்தியநாத தேசிகர் அதற்குத் தாமே உரையும் செய்தார். அந்தத் துணிச்சலில் இதற்கு உரையையும் நானே எழுதுகிறேன்.

திருகைத் தொடுமுன் பிறபிழை தேர்க;
சூடு பிடித்தபின் திருப்புளி எடுக்க;
மெல்ல மூடி ஒன்றரை திறக்க;
கால்கால் சுற்றாய்க் காதால் திருகுக;
ஏறிய ஓட்டம் இறக்கிப் பார்க்க;
எல்லை தாண்டின் ஜெட்டை மாற்றுக;
மலையும் எரிபொருளும் மாறின், மீளக் காண்க.

உரைக்குள் போகுமுன் எல்லையைச் சொல்லிவிட வேண்டும். இது கார்பரேட்டர் உள்ள வண்டிக்கான நூல். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி வந்த பிறகு விற்கும் வண்டிகளில் பெரும்பாலும் எரிபொருளைத் தெளிப்பது இன்ஜெக்டர். அளவைக் கணக்கிடுவது மின்னணுப் பெட்டி. அங்கே திருப்புளிக்கு வேலையில்லை. நான் மனத்தில் வைத்திருப்பது திருவொற்றியூரில் உருவான பழைய இரும்பு சிலிண்டர் புல்லட் 350. அதில் இருப்பது ஜப்பானின் மிக்குனி வடிவமைப்பில் சென்னையின் யூகால் நிறுவனம் செய்த மிக்கார்ப் விஎம்24 கார்பரேட்டர்.

கார்பரேட்டருக்குள் பெட்ரோல் போக ஒரே வழி இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கைப்பிடி மூடியிருக்கும் நிலையிலிருந்து ஏறக்குறையக் கால் பங்கு திறக்கும் வரை பெட்ரோல் கொடுப்பது பைலட் ஜெட். பட்டறையில் ஸ்லோ ஜெட் என்பார்கள். கால் முதல் முக்கால் வரை ஆட்சி செய்வது நீடில் எனப்படும் ஊசி. அதற்கு மேல் மெயின் ஜெட். நூல் பேசுவது முதல் வழியைப் பற்றி மட்டுமே.

1. திருகைத் தொடுமுன் பிறபிழை தேர்க

பொருள்: கலவைத் திருகில் கை வைக்கும் முன், வேறு எங்கே கோளாறு இருக்கிறது என்று ஆராய்ந்து கொள்க.

விளக்கம்: 'திருகு' என்றது ஏர் ஸ்க்ரூவை. 'பிறபிழை' என்று பொதுவாகச் சொன்னது, அவை பல என்பதால். முதலாவது காற்றொழுக்கு. கார்பரேட்டரும் இயந்திரமும் சேரும் இணைப்பில் ஒரு மயிரிழைப் பிளவு இருந்தாலும் அதன் வழியே கணக்கில் வராத காற்று உள்ளே போகும். முழு வேகத்தில் அது தெரியாது. மெதுவாக ஓடும்போது இயந்திரம் இழுக்கும் காற்றே கொஞ்சம் என்பதால், அந்தத் திருட்டுக் காற்று பெரிய பங்காகிவிடும். வண்டியைக் கிளப்பியவுடன், இயந்திரம் சூடேறுவதற்குள், இணைப்பைச் சுற்றி லேசாகத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஓட்டம் சட்டென்று மாறினால் ஒழுக்கு அங்கேதான். கேஸ்கெட்டை மாற்றாமல் திருகைத் திருகுவது, ஓட்டைக் குடத்துக்கு வேகமாகத் தண்ணீர் ஊற்றுவது போன்றது.

அடுத்தது டேப்பட். இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது புஷ் ராடு விரலால் உருட்டினால் சுழல வேண்டும்; மேலும் கீழும் ஆடக் கூடாது. பாயிண்ட் உள்ள வண்டி என்றால் அதன் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். அதன்பின் பிளக், ஏர் ஃபில்டர், ஆக்சிலேட்டர் கேபிளின் தளர்வு. ஹேண்டிலை இடமும் வலமும் முழுக்கத் திருப்பும்போது ஐட்லிங் ஏறினால், குற்றம் கேபிளில்; கார்பரேட்டரில் இல்லை.

கடைசியாக ஸ்லோ ஜெட்டின் அடைப்பு. அதன் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு மாதம் ஓடாமல் நின்ற வண்டியில் பெட்ரோல் வற்றிப் பிசினாகி அங்கேதான் உட்காரும். கிளீனர் தெளித்து, காற்றழுத்தம் கொடுத்து ஊத வேண்டும். ஊக்கு, கம்பி எதையும் விடக் கூடாது. பித்தளை மென்மையானது. ஒருமுறை துளை அகன்றுவிட்டால் மேலே எழுதிய எண் பொய்யாகிவிடும்.

இந்த அடியை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. மற்ற ஆறு அடிகளும் இது நிறைவேறினால் மட்டுமே பலிக்கும்.

2. சூடு பிடித்தபின் திருப்புளி எடுக்க

பொருள்: இயந்திரம் முழுச் சூட்டுக்கு வந்த பின்னரே கலவையைச் சரிசெய்க.

விளக்கம்: குளிர்ந்த இயந்திரத்தில் பெட்ரோலின் ஒரு பகுதி ஆவியாகாமல் சுவர்களில் படிந்துவிடும். அதனால் எரிய வேண்டிய அளவைவிடக் கூடுதலாகக் கேட்கும். சோக் இருப்பது அதற்காகத்தான். குளிரில் செட் செய்த கலவை, சூடானதும் பெட்ரோல் மிகுந்து புகையும். ஒரு பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வருவதே உத்தமம். நிறுத்தி வைத்து ரேஸ் செய்து சூடேற்றக் கூடாது. காற்றால் குளிரும் இயந்திரம் அது. நின்ற இடத்தில் அளவுக்கு மீறிக் கொதிக்கும்.

சூடான இயந்திரத்தில் ஒரு சோதனையும் உண்டு. சோக்கை லேசாக இழுத்துப் பாருங்கள். ஓட்டம் தெளிந்தால், கலவையில் பெட்ரோல் போதவில்லை. இன்னும் மோசமானால், முன்பே அதிகம். திருப்புளியை எந்தப் பக்கம் திருப்புவது என்பது அப்போதே பாதி தெரிந்துவிடும்.

திறந்த வெளியில் செய்க என்பதையும் இவ்வடியோடு சேர்த்துக் கொள்ள வேண்டும். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கதவடைத்த கொட்டகையில் அது ஆளைக் கொல்லும்.

3. மெல்ல மூடி ஒன்றரை திறக்க

பொருள்: திருகை மென்மையாக முழுதும் உள்ளே இறக்கி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுக்க.

விளக்கம்: 'மெல்ல' என்ற சொல் இல்லாவிட்டால் இந்த அடி தீங்கு செய்யும். ஏர் ஸ்க்ரூவின் முனை கூர்மையானது. அது உட்காரும் இடம் மென்மையான வார்ப்பு உலோகம். போல்ட்டை இறுக்குவது போல இறுக்கினால் இருக்கை சிதையும். பிறகு எத்தனை சுற்று எண்ணினாலும் கணக்கு நிற்காது. விரல் நுனியில் தடை தெரிந்தவுடன் நிறுத்த வேண்டும். மூடும்போதே எத்தனை சுற்று உள்ளே போனது என்று எண்ணிக் குறித்துக்கொண்டால், ஏதேனும் தவறினாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

'ஒன்றரை' என்பது முடிவு அன்று, தொடக்கம். வண்டிக்கு வண்டி இது ஒன்றுக்கும் இரண்டரைக்கும் இடையே அமையும்.

திருகைத் திறந்தால் பெட்ரோல் கூடுமா, குறையுமா? மிக்கார்ப் போன்றவற்றில் திருகு ஏர் ஃபில்டர் பக்கம் இருக்கும். அது ஸ்லோ ஜெட்டுக்குப் போகும் காற்றை அளப்பது. திறந்தால் காற்று மிகும், கலவை மெலியும். மூடினால் செறியும். வேறு சில கார்பரேட்டர்களில் திருகு இயந்திரப் பக்கம் இருக்கும். அது அளப்பது காற்றை அன்று, பெட்ரோல் கலந்த கலவையை. அங்கே திறந்தால் செறியும், மூடினால் மெலியும். திருகு இருக்கும் இடத்தைப் பார்த்துவிட்டுத் திருப்புங்கள். இந்த ஒரு குழப்பத்தால் நல்ல வண்டிகள் பல நாள் திணறியிருக்கின்றன.

4. கால்கால் சுற்றாய்க் காதால் திருகுக

பொருள்: ஒரு நேரத்தில் கால் சுற்று மட்டும் திருப்பி, மாற்றத்தைக் காதால் அறிக.

விளக்கம்: முதலில் ஐட்லிங் திருகால் ஓட்டத்தைச் சற்று ஏற்றி, அணையாமல் நிலைநிறுத்திக் கொள்ள வேண்டும். பின் ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே. சில நொடி காத்திருங்கள். இயந்திரம் உடனே பதில் சொல்லாது. மீண்டும் கால் சுற்று. ஓரிடத்தில் ஓட்டம் கனத்து, தடுமாறி இறங்கும். அது பெட்ரோல் மிகுந்த எல்லை. இனி வெளியே வாருங்கள். ஓட்டம் ஏறும், உச்சத்துக்குப் போகும், பிறகு மறுபடி ஆட்டம் கண்டு இறங்கும். அது காற்று மிகுந்த எல்லை. இரண்டுக்கும் நடுவே, ஓட்டம் அதிகமாகவும் சீராகவும் இருக்கும் இடமே நமக்கு வேண்டியது.

எண்ணைப் பார்த்துச் செட் செய்தால் போதாதா என்று கேட்கலாம். பெட்ரோல் ஒரு பங்கு முழுதாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும் என்பது கணக்கு. ஆனால் ஐட்லிங்கில் இயந்திரம் அந்தக் கணக்குக்கு அடங்குவதில்லை. கார்பரேட்டர் ஏறக்குறைய மூடியிருப்பதால் உள்ளே வரும் புதுக் கலவை கொஞ்சம். முன்சுற்றில் எரிந்து வெளியேறாமல் தங்கிய புகையும் அதோடு கலந்துவிடும். அந்த நீர்த்த கலவை தவறாமல் பற்ற வேண்டுமானால் சற்றுச் செறிவு தேவை. எவ்வளவு என்பதை அந்தந்த இயந்திரமே சொல்லும். எனவே 'காதால்' என்றது.

5. ஏறிய ஓட்டம் இறக்கிப் பார்க்க

பொருள்: கலவை சரியானதும் கூடிய ஐட்லிங்கைக் குறைத்து, ஓட்டிச் சோதிக்க.

விளக்கம்: கலவை பொருந்தியதும் வண்டி தானே இரைய ஆரம்பிக்கும். ஐட்லிங் திருகைத் தளர்த்தி இறக்க வேண்டும். இறக்கியபின் நான்காம் அடியை ஒருமுறை திரும்பச் செய்தால் அமைப்பு துல்லியமாகும்.

'இறக்கி' என்றதால் எவ்வளவும் இறக்கலாம் என்று கொள்ளக் கூடாது. ஒவ்வொரு அடியும் தனித்தனியே எண்ணும்படி 'டுப்... டுப்' என்று நிற்பதே புல்லட்டுக்கு அழகு என்று நம்புவோர் உண்டு. ஆயில் பம்பைச் சுற்றுவது இயந்திரம்தான். அது மந்தமானால் மேலே ஏறும் எண்ணெயும் மந்தமாகும். முகப்பு விளக்கைப் போட்டதும் அம்மீட்டர் முள் எதிர்ப்பக்கம் சாய்வதைப் பார்க்கலாம். பேட்டரி கொடுக்கிறது, வாங்கவில்லை என்று பொருள். ஓசைக்காக இவ்விரண்டையும் இழப்பது நட்டம்.

'பார்க்க' என்றது சாலைச் சோதனையை. மூடிய கைப்பிடியைச் சட்டென்று திறந்தால் இயந்திரம் ஒரு கணம் வெறுமையாகித் திணறினால், காற்று மிகுதி. திருகை அரைக்கால் சுற்று உள்ளே விடுங்கள். கைப்பிடியை விட்டபின் ஓட்டம் உடனே இறங்காமல் தொங்கினாலும், சைலன்சரில் படபடவென வெடித்தாலும் அதே குற்றம்தான். சைலன்சர் இணைப்பில் ஒழுக்கு இருந்தாலும் வெடிக்கும், அதையும் பார்த்துக் கொள்ளுங்கள். கனத்து, கரும்புகை விட்டு, பிளக் கரியேறினால் பெட்ரோல் மிகுதி. பாதிக் கைப்பிடியில்தான் திணறுகிறது என்றால் இந்தத் திருகை விட்டுவிடுங்கள். அது ஊசியின் வேலை. அதன் கிளிப்பை ஒரு பள்ளம் மாற்றிப் பார்க்க வேண்டும். எந்த அளவில் திணறுகிறது என்று அறிய, கைப்பிடியில் கால், அரை, முக்கால் என்று டேப் ஒட்டிக்கொள்வது பழைய உபாயம்.

6. எல்லை தாண்டின் ஜெட்டை மாற்றுக

பொருள்: திருகு தன் எல்லைக்குள் பொருந்தவில்லையானால் ஸ்லோ ஜெட்டின் அளவை மாற்றுக.

விளக்கம்: ஏர் ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கும் உள்ளே போனால்தான் வண்டி நன்றாக நிற்கிறது என்றால், ஜெட் சிறியது, காற்றை அடைத்து அந்தக் குறையை மறைக்கிறோம். இரண்டரை, மூன்று சுற்றுக்கு மேல் திறந்தால்தான் தெளிகிறது என்றால், ஜெட் பெரியது. ஒரு எண் மட்டும் ஏற்றி அல்லது இறக்கி, மூன்றாம் அடியிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். சிறியது என்று தோன்றும் ஜெட், அடைபட்ட ஜெட்டாகவும் இருக்கலாம். கழுவிப் பார்த்த பிறகே கடைக்குப் போங்கள். இயந்திரப் பக்கத் திருகு உள்ள கார்பரேட்டரில் இந்தக் கணக்கு தலைகீழ்.

7. மலையும் எரிபொருளும் மாறின், மீளக் காண்க

பொருள்: ஊரின் உயரமோ பெட்ரோலின் சேர்மானமோ மாறினால் மறுபடி சோதிக்க.

விளக்கம்: மேட்டுப்பாளையத்தில் சீராக நின்ற வண்டி ஊட்டியில் கனத்துத் தடுமாறுவது பலரும் கண்டது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று இளைத்த அளவுக்கு ஜெட் பெட்ரோலைக் குறைப்பதில்லை. எனவே கலவை செறிந்துவிடும். அங்கேயே தங்கியிருப்பவர் ஏர் ஸ்க்ரூவைக் கால் அல்லது அரைச் சுற்றுத் திறக்கலாம். இரண்டு நாள் போய் வருபவர் விட்டுவிடலாம். திறந்தவர் இறங்கியதும் மூட மறக்கக் கூடாது; மெலிந்த கலவையோடு சமவெளியில் ஓடும் இயந்திரம் சூடேறும்.

எரிபொருளின் கதை இதற்கு எதிர்த்திசை. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அது முழுதாக எரியக் குறைந்த காற்றே போதும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு 14.7 என்ற கணக்கு சுமார் 13.5 ஆகிவிடுகிறது. பழைய ஜெட் அதே அளவைக் கொடுக்கிறது. ஆனால் இந்த எரிபொருளுக்கு அது போதாத அளவு. முன்பு நன்றாக நின்ற வண்டி இப்போது திணறுகிறது, சோக்கை இழுத்தால் தெளிகிறது என்றால் இதையும் கணக்கில் எடுங்கள். திருகைச் சற்று உள்ளே விட்டுப் பார்க்கலாம். போதாவிட்டால் ஆறாம் அடி இருக்கிறது. எத்தனால் நீரை ஈர்ப்பதால், வண்டியை நெடுநாள் நிறுத்துவதானால் கார்பரேட்டரின் கிண்ணத்தைக் காலி செய்துவிடுவது நல்லது.

ஏழு அடியும் முடிந்தன. இத்தனைக்கும் அரசே வைத்திருக்கும் தேர்வு ஒன்று உண்டு. புகைச் சான்றிதழுக்காகப் பெட்ரோல் வண்டியைச் சோதிப்பது ஐட்லிங்கில்தான். 2000 ஏப்ரலுக்குப் பின் வந்த பழைய நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளுக்குக் கார்பன் மோனாக்சைடு 3.5 விழுக்காட்டுக்கும், ஹைட்ரோகார்பன் 4,500 பி.பி.எம்.முக்கும் மேல் போகக் கூடாது. அதற்கும் பழையவற்றுக்கு 4.5 விழுக்காடும் 9,000 பி.பி.எம்.மும். செட் செய்த கையோடு அங்கே போய், தாளில் அச்சாகும் அந்த இரண்டு எண்களையும் படியுங்கள். திருகு எத்தனை சுற்றில் நிற்கிறது என்பதை அதே தாளின் பின்புறம் எழுதி, ஆர்.சி.யோடு சேர்த்து வையுங்கள். அடுத்த முறை திருப்புளி எடுப்பவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.